நீங்க நல்லா இருக்கும்போதே கேட்டுடறேன் மேடம்

மேடம்,

உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு போன் பண்ணி சொல்லுவா? பெரியவங்ககிட்ட கேக்குற கேள்வியா இதுன்னு எங்கம்மா இருந்தா தலையிலயே ஒண்ணு போட்டிருக்கும், ஆனா போன தடவை உங்ககிட்ட தெரபிக்கு வந்தப்ப, சேலம் ஃபேர்லேண்ட்ஸ் கிளினிக்ல டைரில அடுத்த அப்பாயின்ட்மென்ட் எழுதுறப்ப உங்க கை நடுங்கி பேனா கோட்டைத் தாண்டி ஓடுச்சு, இடது கையால மணிக்கட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு எழுதி முடிச்சீங்க, நானும் பாக்காத மாதிரி போனை நோண்டிக்கிட்டு இருந்தேன்.

அந்த டைரில என் பேரு கூட முழுசா இல்ல, வெறும் ஒரு எழுத்து. நீங்க ரகசியம் காப்பாத்துற லட்சணம் அப்படி, உங்க வீட்டு ஆளுங்களுக்கே நான் யாருன்னு தெரியாது. இத்தனை வருஷமா அதான் எனக்கு தைரியம், இப்ப அதேதான் பயமா இருக்கு. அஞ்சு ரோடு ட்ராஃபிக்ல முட்டி மோதி வந்து பூட்டின கேட்டைப் பாத்துதான் தெரிஞ்சுக்கணுமா? சரி, தெரிஞ்சுடுச்சுன்னே வைங்க, துக்கத்துக்கு வந்தா "நீங்க என்ன உறவு?"ன்னு கேப்பாங்க. பெரியம்மா தவறிட்டாங்கன்னா ஆபீஸ்ல லீவ் கேக்கலாம், உங்களுக்கு என்னன்னு சொல்லிக் கேக்குறது? இப்படி ஊரு கணக்குல வராத துக்கத்தைப் பத்தி கென்னத் டோக்கான்னு ஒரு அமெரிக்கர் 1989லயே எழுதியிருக்காரு. எழுதி என்ன, அழுகை ஒண்ணும் குறையலைங்க.

வெளிநாட்டுல சில தெரபிஸ்டுங்க உயில் மாதிரி ஒண்ணு எழுதி வைக்கிறாங்க, தான் இல்லாமப் போனாலோ படுத்துட்டாலோ எந்த சக தெரபிஸ்ட் கிளையன்ட்ஸுக்கு சொல்லணும், ஃபைலெல்லாம் யாரு பொறுப்புன்னு. நீங்களும் எழுதுங்க. 2017 மனநலச் சட்டப்படி பேஷண்ட் தன்னோட ரெக்கார்டைக் கேட்டு வாங்கலாம், அது தெரியும், ஆனா என் கவலை அதை வேற யாரு படிப்பாங்கங்கறதுதான்.

நடு ராத்திரி தாங்கலன்னா 14416 இருக்கு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். ஆனா ஏற்காடு ரோட்டுல ஏற ஆரம்பிச்ச உடனே வண்டியை ஓரங்கட்டிட்டு மூச்சு முட்டி அழுத ஆளு இப்ப 20 கொண்டை ஊசியும் பாட்டு போட்டுக்கிட்டு ஏறுதுன்னா, அந்தக் கதைய புது ஆளுக்கு எங்க இருந்து ஆரம்பிச்சு சொல்றது?

வேற ஆளைப் பாருன்னுதான் சொல்லுவீங்க. பாக்குறேன். ஆனா நீங்களே ஒருத்தரைக் காட்டுங்க, இப்பவே காட்டுங்க, அவங்ககிட்ட கொஞ்ச நாள் போய்ட்டு வந்து உங்ககிட்ட உக்காந்து அவங்களைப் பத்தி குறை சொல்லணும் எனக்கு.