மணிக்கட்டோடு நின்ற கோடு

அல்சூர், பெங்களூரு
ஆடி 22

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. திட்டாதே. ஆடி வந்தால் என் பிரேம் கடையில் மூச்சுவிட நேரமிருக்காது என்று உனக்குத் தெரியும். அம்மன் படம், முருகன் படம், கூழ் ஊற்றுகிறவர்கள் பந்தலில் வைக்க ஆளுயரப் படம் என்று வரிசை கட்டி வருகிறார்கள். முட்டி மாற்றிக்கொண்டு நீ மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் எனக்கே கால் லேசானது போலிருந்தது. அந்த பிசியோதெரபிப் பெண்ணோடு மட்டும் சண்டை போடாதே. அவள் சொல்கிற அளவுக்கு மடக்கு, வலித்தால் வலிக்கட்டும்.

இங்கே பெரிய செய்தி ஒன்றுமில்லை. பெரியவன் அதே கம்பெனி, அதே ஒயிட்ஃபீல்டு, அதே டிராஃபிக் புலம்பல். பேத்தி கன்னடத்தில் கதை சொல்கிறாள், எனக்குப் பாதி புரிகிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. போதும்.

நான் எழுத நினைத்தது ஒரு படத்தைப் பற்றி. நீ ஓவிய டீச்சராக இருந்தவள், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

போன மாதம் ஒரு பெண் வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் நீளமாக ஒரு அட்டைக் குழாய். "பாட்டி வரைந்தது, பிரேம் போடணும், ஆனா கொஞ்சம் பாத்து" என்றாள். குழாயிலிருந்து உருவி மேஜைமேல் விரித்து நாலு மூலையிலும் டேப் உருளைகளை வைத்தேன். கறுப்பு மையில் ஒரு பெண். முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் பொட்டுத் துணியில்லை. மூலையில் '67' என்று எழுதியிருந்தது. அந்தப் பாட்டி மெட்ராஸில் ஓவியம் படித்தவராம், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவராம். பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தப் படத்தை வைத்து அவர்கள் வீட்டில் இன்னும் தகராறு ஓய்ந்தபாடில்லை.

என் கடைப் பையன் சபரியைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண் படியிறங்குவதற்குள் படத்தின்மேல் தினத்தந்தியை விரித்து மூடிவிட்டான். "அக்கா, பூஜைப் படம் இருக்கிற இடத்துல இதை வைக்கலாமா? போலீஸ் வந்தா?" என்றான். 1954-இல் பம்பாய் ஜஹாங்கீர் கேலரியில் அக்பர் பதம்சீ என்ற ஓவியர்மேல் இப்படித்தான் ஆபாச வழக்குப் போட்டார்கள், கடைசியில் அவர்தான் ஜெயித்தார் என்று சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. பேப்பரை மட்டும் எடுத்தான்.

அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டியூப்லைட்டுக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இந்தியன் இங்க். கரியும் அரக்கும் சேர்ந்த மை, அதனால் ஐம்பது வருடமானாலும் கறுப்புக் கறுப்பாகவே இருக்கிறது. பழைய பத்திரங்களில் இருக்குமே, அந்த இரும்பு மையாக இருந்தால் இந்நேரம் பழுப்பேறிக் காகிதத்தையே தின்றிருக்கும். இடுப்பில் தொடங்கும் கோடு மட்டும் என்னைப் பத்து நிமிஷம் பிடித்து வைத்துக்கொண்டது. நிப்பை அழுத்தியிருக்கிறாள். அழுத்தின வேகத்தில் நிப் இரண்டாக விரிந்து, ஒரு கோடு இரண்டு கோடாகி, நடுவில் வெள்ளை இழை ஒன்று ஓடுகிறது. அப்புறம் மை தீர்ந்து, வெறும் நிப் காகிதத்தைக் கீறிய தடம். அங்கேயிருந்து பிரஷ். அதுவும் ஈரமில்லாத பிரஷ், துடைப்பத்தால் இழுத்தது மாதிரி. வயிறு இரண்டு மடிப்பாக விழுந்து தொடைமேல் உட்கார்ந்திருக்கிறது. மார்பு ஒன்று சரிந்தும் இன்னொன்று கொஞ்சம் தூக்கியும் இருக்கிறது. முகத்துக்கு மூன்றே இழுப்புதான், ஆனால் அந்தக் கண் நேராக நம்மைப் பார்க்கிறது. இடது ஓரத்தில் ஒரு கை முக்காலி விளிம்பைப் பிடித்திருக்கிறது. முகத்தைவிடப் பெரிய கை. கீழே ஒரு கட்டைவிரல் ரேகை, மையில் பதிந்தது.

பென்சிலாக இருந்தால் அழித்திருக்கலாம், எண்ணெய் வண்ணமாக இருந்தால் மேலே பூசி மறைத்திருக்கலாம். மையில் அந்தச் சலுகை இல்லை. போட்டது போட்டதுதான். அவள் தடுமாறின இடமெல்லாம் அப்படியே கிடக்கிறது. அதனால்தானோ என்னவோ, கண்ணுக்குத் தெரிவதைவிட மனசில் படுவதை வரைகிற எக்ஸ்பிரஷனிஸ்டுகள் பலருக்கும் மைமேல் அத்தனை ஆசை. கை பெரிதாகத் தோன்றினால் பெரிதாகவே போடு, அளவு கோலைத் தூக்கிப் போடு என்கிறவர்களுக்கு அழிரப்பர் எதற்கு?

நான் இந்த மாதிரிப் படங்களைத் தொடப் பயப்படுவேன். காரணம் உனக்குச் சொன்னதில்லை. அவர் போன புதிதில், கடையை நான் எடுத்த முதல் வருடம், ஒரு ஓவியரின் படம் வந்தது. பிரேம் அளவுக்கு அரை இஞ்ச் கூடுதலாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை வெட்டிவிட்டேன். வெட்டின துண்டில் அவர் கையெழுத்து பாதி போய்விட்டது. அந்த மனுஷர் கத்தவில்லை. பேசாமல் படத்தை வாங்கிக்கொண்டு பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். கத்தியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். முதல் நாள் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இது குளிப்பாட்டுகிறவள் பார்வை. அம்மாவைக் கடைசி நாலு மாதம் நான்தான் குளிப்பாட்டினேன், உனக்குத் தெரியும். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார வைத்து, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, வயிற்று மடிப்பைத் தூக்கித் துடைத்து, மார்புக்கு அடியில் பவுடர் போட்டு. அப்போது உடம்பு அழகா இல்லையா என்ற கேள்வியே எழாது. கனம் எங்கே விழுகிறது, எங்கே வலிக்கும், எங்கே தோல் உரிந்திருக்கிறது என்றுதான் கண் போகும். இந்தப் படத்தில் கோடு தடிக்கும் இடமெல்லாம் கனம் விழும் இடம். ஆண்கள் வரைந்த எத்தனையோ படத்துக்கு பிரேம் போட்டிருக்கிறேன், பலதும் நல்ல படங்கள்தான். அவற்றில் அந்தப் பெண்ணுக்குப் பெரும்பாலும் எடையே இருக்காது. பஞ்சு மெத்தையில் பஞ்சு மாதிரிப் படுத்திருப்பாள்.

அப்புறம் ஒரு சங்கதி. இங்கே சித்ரகலா பரிஷத் ஓவியக் கல்லூரியில் பாடம் எடுக்கிற ஒருவர் எனக்குப் பழைய வாடிக்கை. அவர் ஒருதடவை ஒரு பழைய இங்கிலீஷ் ஓவியத்தின் பிரிண்ட் கொண்டுவந்தார். ஸோஃபனி என்பவர் 1771, 72-இல் வரைந்தது. லண்டன் ராயல் அகாடமியின் ஓவியர்கள் கூடி நின்று, துணியில்லாத ஆண் மாடல்களைப் பார்க்கிறார்கள். அந்த அகாடமியை 1768-இல் தொடங்கியவர்களில் இரண்டு பெண்களும் உண்டு, ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். அவர்களைத் தேடினால் கூட்டத்தில் இல்லை. சுவரில் இரண்டு படமாகத் தொங்குகிறார்கள்! மாடல் இருக்கும் அறைக்குள் பெண் நிற்கக்கூடாதாம், அதனால் பிரேமுக்குள் போட்டு மாட்டிவிட்டார். பிரேம் கடைக்காரி நான், சிரிப்பதா அழுவதா? பாரிஸின் பெரிய கலைப்பள்ளி பெண்களை உள்ளே விட்டதே 1897-இல்தான். அதற்கு முப்பது சொச்சம் வருடம் கழித்து நம் அம்ரிதா ஷெர்கில் அங்கே போய்ப் படித்தாள். உன் காலேஜில் மாடலாக வந்த கீரைக்காரப் பாட்டியைப் பற்றி நீ சொல்வாயே, வெற்றிலை போட வேண்டும் என்று நடுவில் எழுந்து போய்விடுவாள் என்று. அவளை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் படத்தில் உட்கார்ந்தது யார் என்று அந்தப் பேத்தியிடம் கேட்டேன். தெரியாது என்றாள். வேலைக்காரியாக இருக்கும் என்று அவள் அப்பா சொல்வாராம், மெட்ராஸில் பார்த்த மாடலை நினைவிலிருந்து போட்டது என்று அத்தை சொல்வாராம். எனக்கு மனசில் ஏதோ இடறியது. காரணம் இரண்டு. ஒன்று, இடது ஓரத்தில் அவ்வளவு பெரிய கையை வரைந்தவள் வலது ஓரத்தில் கையே வரையவில்லை. மணிக்கட்டுவரை வந்த கோடு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு, தொடையின் கோடு ஓரிடத்தில் கத்தியால் வெட்டினாற்போல் முடிகிறது. கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்குகிறது. நடுவில் சாய்சதுரமாக ஒரு வெள்ளை. முடிக்காமல் விட்டுவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு மத்தியானம் கூட்டமில்லை. பீரோவுக்குப் போட வந்த நிலைக்கண்ணாடி ஒன்று சுவரோரம் சாத்தியிருந்தது. சபரி சாப்பிடப் போயிருந்தான். முக்காலியை அதன் முன்னால் போட்டு, மடியில் ஒரு ஹார்ட்போர்டு துண்டை வைத்து, கையில் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (புடவையோடுதான், பயப்படாதே.) கண்ணாடியில் என் வலது கை என் வலப்பக்கத்திலேயே இருந்தது. எதிரே ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அது இடப்பக்கம் தெரியும். எழுதுகிற கை ஓயாமல் நகர்கிறதே, அதைப் பார்த்து எப்படி வரைவது? விட்டுவிடத்தான் வேண்டும். மடியிலிருந்த அட்டை தொடையை மறைத்தது, அதே சாய்சதுரம். சும்மா இருந்த இடது கைதான் முக்காலியைப் பிடித்திருந்தது. வசந்தா, எனக்குக் கழுத்துப் பின்னால் சிலிர்த்தது. அவள் வரைந்தது அவளையேதான்டி.

அதற்குப் பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் பால் கணக்கு, ரவை அரை கிலோ, சலவைக்குப் போட்டது பதினாலு உருப்படி, அதில் குழந்தைத் துணி ஒன்பது. அப்படியானால் அந்த வயிற்று மடிப்பு பிள்ளை பெற்ற வயிறு. வீட்டில் எல்லோரும் தூங்கினபிறகு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அலமாரிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

பேத்தியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பவுலா மோடர்ஸோன்-பெக்கர் என்ற ஜெர்மன்காரி, 1906-இல் பாரிஸில் தன்னையே இடுப்புக்குமேல் ஆடையில்லாமல் வரைந்தது. கழுத்தில் மணிமாலை, கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள், கர்ப்பிணி மாதிரி. அப்போது அவள் கர்ப்பமே இல்லையாம். மறுவருடம் நிஜமாகவே பிள்ளை பெற்று, மூன்று வாரம் முடிவதற்குள் 31 வயதில் போய்விட்டாள். எனக்கு உடனே நம் பக்கத்து டி.கே. பத்மினி ஞாபகம் வந்தது. கேரளத்துப் பொன்னானிப் பக்கத்துக்காரி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்தபோது மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவள், பெண்ணுடம்பைத் துணியில்லாமல் வரையத் துணிந்தவள். அவளும் 1969-இல் பிரசவத்தில்தான் போனாள், முப்பதுகூட ஆகவில்லை. அம்ரிதா 28. இந்தப் பாட்டி 80 தாண்டி வாழ்ந்திருக்கிறார், ஆனால் '67'க்குப் பிறகு போட்ட தேதி எந்தப் படத்திலும் இல்லை என்கிறாள் பேத்தி. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்படி வரைவதெல்லாம் வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றது, நம் மரபென்றால் கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் சுவர் மாடத்தில் நிற்கிற சிற்பப் பெண்கள்தான் என்று நீ சொல்வாய். தெரியும். அந்தக் கல்லுப் பெண்களை நானும் கும்பிடுகிறேன். ஆனால் காரைக்கால் அம்மையாரை எங்கே வைப்பாய்? முலை வற்றி, நரம்பெழுந்து, வயிறு குழிந்து என்று ஒரு பேயைப் பாடிவிட்டு, கடைசியில் 'காரைக்கால் பேய்' என்று தன் பெயரையே போட்டுக்கொண்டவள். செப்புத் திருமேனியில் அந்த விலா எலும்புகளை நினைத்துப் பார். தன் உடம்பை இவ்வளவு கூச்சமில்லாமல் தானே எழுதினவள் ஆயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னாலேயே நம்மிடம் இருக்கிறாள். இதற்கு நீ பதில் எழுதியே ஆகவேண்டும்.

பிரேம் வேலை சொல்கிறேன். தங்க பீடிங் வேண்டாம் என்றேன், ஒல்லியான கறுப்புத் தேக்கு. அமிலமில்லாத மவுண்ட், கண்ணாடி மையில் ஒட்டாதபடி நடுவே இடைவெளி. பசை தடவிப் பலகையில் ஒட்டாமல், ஜப்பான் காகிதக் கீற்று இரண்டால் மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிட்டேன். பின்பலகையில் ஒரு ஜன்னல் வெட்டி அதற்கும் கண்ணாடி போட்டேன், பால் கணக்கு தெரியட்டும் என்று. அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை. ஓரத்தில் அரை இஞ்ச் கூட வெட்டவில்லை.

நேற்று டெலிவரி. கடைசியாகக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி சபரியிடம் கொடுத்தேன். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டே துடைத்தான். ஒரு கறை போகவில்லை. ஊதினான், பனியன் துணியால் தேய்த்தான், ஸ்பிரிட் போட்டான். போகவில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். "அக்கா, இது உள்ள இருக்கு. யாரோ விரல் வெச்சிருக்காங்க" என்றான். யார் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவன் படத்தைத் திருப்பி வைக்கவில்லை, ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனான்.

உன் பழைய நோட்டுகளை எலி தின்பதற்குள் எனக்கு அனுப்பு. கும்பகோணத்துக் காப்பிப்பொடி அரை கிலோ சேர்த்து அனுப்பினால் பிரேமுக்குக் காசு வேண்டாம்.

உன்
கல்யாணி