மறுபடியும் தேர்தலில் நில்லுங்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று நீங்கள் சொன்னதாகப் பென்னாகரம் சந்தையில் கேள்விப்பட்டேன். ஐந்து வருடம் அலைந்தது போதும் என்றீர்களாம். உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் மனது கேட்கவில்லை.

2020 ஜனவரியில் நீங்கள் ஊராட்சித் தலைவராகப் பதவியேற்றபோது ஊர் உங்கள் கணவரைத்தான் தலைவர் என்று கூப்பிட்டது. முதல் கிராம சபையில் ஓரமாக உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு ஒரு கோடையில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர் வராமல் பெண்கள் காலிக் குடங்களோடு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார்களே, அன்று தொட்டி ஆபரேட்டரை வரவழைத்து நீங்களே விசாரித்தீர்கள். ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறிய ஊர்க்காரி நீங்கள். அந்தக் கோபம் குரலில் இருந்தது. உங்கள் கணவர் வெளியே நின்றிருந்தார். பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். என் மகளும்தான்.

மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஊராட்சித் தலைவர் பதவி அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களிலும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்ட ஊர்களில், பெண்பிள்ளைகள் படிப்பில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். வீட்டு வேலையில் அவர்கள் செலவிட்ட நேரமும் குறைந்திருந்தது. அவர்களுக்கென்று புதிதாக வேலைவாய்ப்பு எதுவும் பெருகிவிடவில்லை. ஒரு பெண் அந்த நாற்காலியில் இருப்பதைக் கண்ணால் கண்டதே காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இரண்டு தேர்தல்கள், அக்கா. நீங்கள் ஒன்றோடு நிறுத்துகிறீர்கள்.

கலாம் படம் நம் பள்ளியிலும் மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் மனதார வணங்குகிறார்கள். ஆனால் அவர் போன இடத்துக்கு நம் ஊரிலிருந்து எந்த பஸ் ஏறுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களை அவர்களுக்குத் தெரியும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், ஆடு மேய்த்தவர், பத்தாவதோடு படிப்பை விட்டவர்.

நம் தருமபுரி மாவட்டத்தில் பதினெட்டு வயதுக்கு முன்பே பெண் பார்க்க வருவது இன்னும் நிற்கவில்லை. குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் போனால் அதிகாரிகள் வந்து கல்யாணத்தை நிறுத்துவார்கள். அதற்கு முன்பே, பெற்ற அப்பாவிடம் "நான் படிக்க வேண்டும்" என்று ஒரு பெண் வாய் திறக்க வேண்டுமே. ஆண்கள் நிறைந்த கூட்டத்தில் ஒரு பெண் பேசி, அவள் பேச்சு எடுபட்டதைப் பார்த்த பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் சீக்கிரம் வரும் என்று நம்புகிறேன்.

பதவிக்காலம் முடிந்து, இப்போது ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது, உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. அதற்குள் ஒருநாள் பள்ளிக்கு வந்து ஒன்பதாம் வகுப்புப் பெண்களிடம் பேசுங்கள். தலைமையாசிரியரிடம் நான் கேட்டு வைக்கிறேன். தேர்தல் அறிவித்ததும் மனுத்தாக்கலுக்கு உங்களோடு நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தெருத் தங்கை