டெல்டாவில் இளைஞர் விடுதி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் கோயில்கள் 2004-இலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைக் காண முதுகுப்பையுடன் தனியே வரும் இளைஞர்களுக்கு அறை தர இயலாதெனக் கைவிரிக்கும் லாட்ஜுகள் கும்பகோணத்தில் உண்டு. பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் 1912-இல் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கிய இளைஞர் விடுதியின் வழிவந்த முறையில், அறைக்கன்றிப் படுக்கைக்கே வாடகை என்பதால், அடுக்குக் கட்டில்கள், பூட்டக்கூடிய அலமாரி, பொதுச் சமையலறை, பெண்களுக்குத் தனிக்கூடம் ஆகியவை இருந்தாலே போதும். மராட்டிய மன்னர்கள் வழிப்போக்கர்களுக்கெனக் கட்டிய சத்திரங்களுள், பழுதுபார்க்கத் தக்க ஒன்றையேனும் சுற்றுலாத் துறை இவ்வாறு மாற்றலாம். கடைசிப் பேருந்தில் வந்திறங்குவோருக்கும் கதவு திறக்கப்படும் என்பதை விதிமுறையிலேயே சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்