பாட்டுப் பெட்டியைப் பாட்டுப் பெட்டியாகவே திருப்பித் தாருங்கள்

பெறுநர்: தலைமை அதிகாரி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பேட்டரி மாற்றக் கொடுத்த பாக்கெட் பிளேயரில் கேட்காமலே ஏற்றப்பட்ட புது மென்பொருளை நீக்கித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். இதையெல்லாம் உங்கள் சாட்டில் எழுதினேன், மின்னஞ்சலில் எழுதினேன், போனில் வாய் வலிக்கச் சொன்னேன். கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இப்போது ஸ்பீட் போஸ்ட்.

அந்த பிளேயரை என் அப்பாவுக்காக வாங்கினேன். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம், பார்வை மிகவும் குறைவு. பக்கவாட்டுப் பொத்தானைத் தடவி அழுத்தினால் நேற்று நிறுத்திய இடத்திலிருந்து பேச்சு தொடரும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அவர் கேட்பது மூன்று நிமிடப் பாட்டு இல்லை. இரண்டு மணி நேரச் சொற்பொழிவுகள், பட்டிமன்றங்கள், பழைய கச்சேரிகள். விட்ட இடம் தொலைந்தால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இப்போது தினமும் அதுதான் நடக்கிறது. ஒரே கடவுள் வாழ்த்தை எத்தனை முறை கேட்பார் மனுஷர்?

பேட்டரி மாற்றித் தரச் சொன்னோம். மாற்றினீர்கள், நன்றி. கூடவே புது மென்பொருளையும் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். அதில் வீடியோ, மின்நூல், கால்குலேட்டர், நடை எண்ணும் கருவி எல்லாம் இருக்கின்றன. தீப்பெட்டி அளவு திரையில் யார் படம் பார்க்கப் போகிறார்கள்? ஆன் செய்ததும் பாட்டு வருவதற்குப் பதில் சதுரம் சதுரமாக ஒரு முகப்பு வருகிறது. அதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் முன்னால் மெமரி கார்டை முழுவதும் ஒருமுறை படித்துப் பட்டியல் போட்டுக்கொண்டு நிற்கிறது, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும்.

தமிழில் வைத்திருந்த கோப்புப் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டன. பழைய மென்பொருளில் நன்றாகத் தெரிந்தவை. எழுத்துரு என்ற ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டு, நடை எண்ணும் கருவியைச் சேர்த்திருக்கிறீர்கள். "எல்லாப் பெயரையும் இங்கிலீஷில் மாற்றிக்கோங்க சார்" என்றார் உங்கள் ஆள் ஒருவர். அவர் பரவாயில்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

இன்னொருவர் இருக்கிறார். அவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். "பெரியவங்களுக்கு இதெல்லாம் புரியாது சார், ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்துடுங்க" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கம்பத்தில் ஏறி ஊருக்கே வெளிச்சம் கொடுத்த மனிதருக்கு உங்கள் பொத்தான் புரியாதாம்! அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். "தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, ஒருமுறை எடுத்துக் கேளுங்கள்.

பதிவு என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் முன்பு பூட்டு விழும். இப்போது குரல் பதிவு ஓடுகிறது. அப்பாவின் குறட்டை மணிக்கணக்கில் கார்டில் ஏறியிருக்கிறது. இதற்காகவா காசு கொடுத்தோம்?

விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் உங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "இன்று ஸ்டாக் எடுப்பு, ஆன்லைனில் டோக்கன் போட்டு வாருங்கள்." முந்தின நாள் போனில் வரச் சொன்னதே நீங்கள்தான். ஒரு நாள் கூலி போச்சு, உடம்பும் போச்சு.

வசதியே கூடாது என்று சொல்லவில்லை. புளூடூத் நல்ல விஷயம், என் மகள் அதில்தான் கேட்கிறாள். அப்பாவையும் இயர்போன் வயரை விட்டுவிட்டு அதற்கு மாறச் சொன்னார் உங்கள் ஏஜென்ட். அந்த வயர்தானே எஃப்எம்முக்கு ஆன்டெனா? உங்கள் கையேட்டிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கிறீர்கள். புதியதை உள்ளே எங்காவது வையுங்கள், யாருக்கு வேண்டுமோ தேடிப் போகட்டும். இருந்த பொத்தானின் வேலையை ஏன் மாற்றுகிறீர்கள்?

1979-இல் சோனி கொண்டுவந்த முதல் வாக்மேனில் பதிவு வசதியும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. கேட்க மட்டும்தான். உலகமே வாங்கியது. 2009-இல் ஆப்பிள் ஐபாட் ஷஃபிள் என்ற தன் சின்னப் பாட்டுப் பெட்டியில் பாட்டை மாற்றும் பொத்தான்களை எடுத்து இயர்போன் வயரில் வைத்தது. அடுத்த ஆண்டே பொத்தான்களைப் பெட்டிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆப்பிளே பின்வாங்கியிருக்கிறது, நீங்கள் பின்வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

தயவுசெய்து பழைய மென்பொருளை ஏற்றித் தாருங்கள். "பழையதுக்குத் திரும்ப முடியாது, செக்யூரிட்டி" என்கிறார்கள். இன்டர்நெட்டே இல்லாத பெட்டியில் என்ன செக்யூரிட்டி? முடியாதென்றால் முழுப் பணமும் வேண்டும். அதோடு அப்பாவுக்கு ஏற்பட்ட மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாய். அதிகம் என்று தோன்றினால் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள், யாருமே தூங்குவதில்லை.

பதினைந்து நாள் பொறுத்திருப்பேன். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இனி ரயிலேறி வர வேண்டியது நீங்கள்தான். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமும் இல்லை. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை. உங்கள் பெட்டியின் ஒலி உண்மையிலேயே நன்றாக இருக்கும், அப்பா இன்னும் அதைத்தான் கேட்கிறார்.

பில், வாரன்டி அட்டை, பேட்டரி மாற்றிய ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதிலில் "ரீசெட் செய்து பாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், செய்து பார்த்தாயிற்று.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்