தாளை வாங்கி வைத்துவிட்டு ஓவியத்தைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பிள்ளைகளைக் கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போவது வீண் வேலை, அந்த நேரத்தில் நாலு கணக்குப் போடலாம் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். அரசுச் சோதனையையே 2021-இல் எடுத்துவிட்டார்கள். இன்னும் எந்தச் சோதனைக்காக இந்த ஓட்டமோ! ஆனால் எங்கள் வட்டாரப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு துணைக்குப் போய் வந்தவள் நான். வீண் என்று அவர் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம்தான். குற்றம் ஓவியங்கள் மேல் இல்லை, பிள்ளைகள் கையில் கொடுத்த தாளில் இருக்கிறது.

ஓவியத்தின் பெயர், வரைந்தவர், ஆண்டு, எந்தப் பொருளால் வரைந்தது என்று பத்து ஓவியங்களுக்கு நிரப்பித் தர வேண்டும். இத்தனைக்கும் விடை பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டையிலேயே கிடைத்துவிடும். நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒருத்தி அட்டையைப் படித்துச் சொல்ல, மற்றவர்கள் முன்னால் நிற்பவர் முதுகில் தாளை வைத்து எழுதிக்கொண்டு அடுத்ததற்கு ஓடினார்கள். படத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் சிலரே.

அதில் ஒரு பையன். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். தடிப்பாகச் சாயம் பூசிய ஓவியம் ஒன்றின் ஓரமாகப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். "டீச்சர், சாயம் மேடு மேடா இருக்கு. கத்தியால பூசினாங்களா?" என்று கேட்டான். அருமையான கேள்வி. எண்ணெய்ச் சாயம் பூசவென்றே வளைந்து கொடுக்கும் மெல்லிய கத்தி உண்டு. ஆனால் அவனுக்குக் கிடைத்த பதில், "தாள முடிச்சிட்டியா?" ஆசிரியையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அத்தனை பிள்ளைகளையும் எண்ணி எண்ணிக் கூட்டிக்கொண்டு நடப்பவருக்கு ஓவியம் பேச எங்கே நேரம்?

1958-இல் தொடங்கிய கூடம் அது. நுழைவு இலவசம், செலவெல்லாம் பேருந்துக்குத்தான். சையத் தாஜுதீன் 1972-இல் தீட்டிய பெரிய ராமாயண ஓவியம் அவர்கள் சேகரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டு அழகன்குளத்தில் பிறந்து, சென்னையில் ஓவியம் பயின்ற மலேசியர் அவர். உசேன் ஏனாஸ் 1962-இல் கிளந்தான் புகையிலை பறிப்பை வரைந்ததும் அங்கே உண்டு. பாட்டி பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த) கதையைக் கேட்டு வளரும் பிள்ளைகளை அதன்முன் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். இடுப்பு வலிக்காதா, கூலி எவ்வளவு, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். வெயில் எந்தப் பக்கம் என்று கேட்டால் அப்புறம் நிழலைப் பற்றிப் பேசலாம். வகுப்பறை ஓவியப் பாடத்தில் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் அது.

ஒன்று, சேகரிப்பில் இருப்பதெல்லாம் எந்நாளும் சுவரில் தொங்காது. கண்காட்சிக்குத் தக்கபடி மாற்றுவார்கள். புறப்படுவதற்கு முன்பே போன் போட்டு என்னென்ன பார்வைக்கு இருக்கிறது என்று கேட்டு, மூன்று படங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். முடிந்தால் ஓர் ஆசிரியர் முன்கூட்டிப் போய்ப் பார்த்து வரட்டும். பத்து பத்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெரியவர். கேள்வித்தாள் வேண்டாம், ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் கொடுங்கள், பிடித்ததைப் பார்த்து வரையட்டும்.

ஆள் பற்றாது என்று பள்ளி சொல்லக்கூடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் சிலர் வரத் தயார். பிள்ளைகள் பசியாற மீகூன் (அரிசிச் சேமியா) பிரட்டிப் பொட்டலம் கட்டும் வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்