ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பின் பெஞ்சில் யார் உட்காருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளின் ஸ்மார்ட் வகுப்பறைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாடு முழுக்க இணைய வசதியும் பெரிய திரையும் கொண்ட 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80 ஆயிரம் கைக்கணினிகள் என்று கணக்கெல்லாம் விவரமாக இருந்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியருக்குக் கிடைக்கும் பயிற்சியைப் பற்றி 'உரிய பயிற்சி அளிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 19 வருட சர்வீஸ். எனக்குக் கிடைத்த 'உரிய பயிற்சி' இரண்டு நாள். காலையில் ஒரு கையெழுத்து, மாலையில் ஒரு கையெழுத்து. முதல் நாள் புரொஜெக்டருக்குச் சரியான கேபிள் கிடைக்கவே பதினொரு மணி ஆனது. பயிற்சி நடத்த வந்த கருத்தாளரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் எங்களைப் போல ஓர் ஆசிரியர்தான். மூன்று நாளைக்கு முன்புதான் மாவட்ட அளவில் அவருக்கே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாநில அளவில் கற்றுக்கொண்டு வந்தவர். சென்னையில் கடைந்த மோர் மாவட்டம், ஒன்றியம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்ந்து எங்களிடம் நீர்மோராக வந்து சேர்ந்தது. பதினான்கு செயலிகளின் பெயரைச் சொன்னார், குறித்துக்கொண்டோம். அந்தப் பதினான்கில் ஒன்றையாவது ஆறாம் வகுப்பில் எந்தப் பாடத்துக்கு, எந்த இடத்தில், எதற்காகத் திறப்பது என்று யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் மாலை செல்போனில் ஒரு பின்னூட்டப் படிவம் வந்தது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லோரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று தட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். நானும்தான்.

அப்புறம் இரண்டு மாதம் அந்தத் திரைப் பக்கமே நான் போகவில்லை. கற்றுக்கொண்டது போதவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பள்ளிப் பொருள்களைக் கணக்கு வைக்கும் இருப்புப் பதிவேடு. பொருள் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து தலைமையாசிரியருக்கு ஒரே கவலைதான்: ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அறையைப் பூட்டிச் சாவியை பீரோவுக்குள் வைத்துவிட்டார். சாவி கேட்டுப் போனால் "பார்த்து டீச்சர், பசங்க கை வெச்சிடப் போறாங்க" என்பார். தொடுதிரையைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்றால் அது வேறெதற்கு? ஆனால் அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வகுப்பறையில் பயன்படுத்தும்போது பழுதானால் அதற்கு ஆசிரியரோ தலைமையாசிரியரோ கைக்காசு தர வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், பத்துப் பயிற்சி செய்யாத வேலையை அது செய்துவிடும் என்பது என் எண்ணம்.

எனக்கு உண்மையான பயிற்சி கிடைத்தது, எங்கள் பள்ளிக்கு மாறுதலில் வந்த ஓர் இடைநிலை ஆசிரியையிடமிருந்து. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் மின்னியல் பாடம் உண்டு. பல்புகளை ஒரே வரிசையில் கோக்கும் தொடரிணைப்பு, தனித்தனிப் பாதையில் சேர்க்கும் பக்க இணைப்பு இரண்டையும் கரும்பலகையில் படம் போட்டு எத்தனை வருடம் நடத்தினாலும் பாதிப் பேர் மனப்பாடம்தான் செய்வார்கள். இதை அவளிடம் புலம்பியபோது கணினித் திரையில் சோதனை செய்து பார்க்க உதவும் ஃபெட் (PhET) என்ற இலவச மாதிரிகளைக் காட்டினாள். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் திரையில் இழுத்து இணைக்கலாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். எங்கள் ஊர் நெட்டுக்கு அதுதான் முக்கியம்.

பள்ளி விட்ட பிறகு நான்கு நாள், அரை மணி நேரம் வீதம் என்னுடன் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் நான் வகுப்பெடுக்க, அவள் தன் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பு சொதப்பல்தான். ஜன்னல் வெயில் திரையில் பட்டு எதுவும் சரியாகத் தெரியவில்லை. நானோ வேகவேகமாகக் கம்பி இழுத்து, பல்பை எரியவிட்டு, விளக்கி முடித்துவிட்டேன். பிள்ளைகள் டி.வி. பார்ப்பதுபோல் பார்த்தார்கள். முடிந்ததும் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அக்கா, எல்லாத்தையும் நீங்களே இழுத்துட்டீங்க. அடுத்த தடவ ஒரு பல்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, என்ன ஆகும்னு பசங்களைக் கேளுங்க."

மறுநாள் ஜன்னலுக்குப் பழைய போர்வை கட்டினோம். கழற்றும் முன் நிறுத்திக் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மைக் செட் வைத்திருப்பவரின் மகன் ஒருவன், வாய் திறக்காத பையன், எழுந்து "டீச்சர், திருவிழா சீரியல் செட்ல ஒரு பல்பு போனா வரிசையே அணைஞ்சிடும், வீட்டுல அப்படி அணையாது, அப்போ வீட்டுல வேற மாதிரி கனெக்சன்" என்றான். அதன் பிறகு நான் விளக்க அதிகம் இருக்கவில்லை. நிஜ பேட்டரியும் பல்பும் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னேன்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். உரை கேட்பதாலும் செய்துகாட்டிப் பார்ப்பதாலும் மட்டும் வகுப்பறை மாறுவதில்லை, சொந்த வகுப்பில் செய்து பார்க்கும்போது கூட ஒருவர் இருந்து சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் முடிவு. 2006இல் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புன்யா மிஷ்ராவும் மேத்யூ கோஹ்லரும் இன்னொன்றைச் சொன்னார்கள்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் நல்ல வகுப்பு நடக்கிறது. நம் பயிற்சிகள் மூன்றாவதை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, தமிழாசிரியருக்கும் கணக்காசிரியருக்கும் ஒரே ஹாலில் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறுகின்றன.

ஆகவே திட்டமிடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள். முதலில் எங்களைக் கேளுங்கள். 'கணினி இயக்கத் தெரியுமா, ஆம் அல்லது இல்லை' என்று படிவம் அனுப்புவதற்குப் பதிலாக, 'வரும் பருவத்தில் எந்தப் பாடம் உங்கள் பிள்ளைகளுக்கு ஏறவில்லை?' என்று கேட்டால் போதும். அந்தப் பாடத்துக்குத் திரை தேவையே இல்லை என்று கூடத் தெரியவரலாம். அப்படியானால் விட்டுவிட வேண்டியதுதான், சாக்பீஸ் ஒன்றும் குறைந்தது அல்ல. தேவைப்படும் பாடத்துக்கு, அதே பாடம் எடுக்கும் நாலைந்து பேரைக் குறுவள மைய அளவில், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குழுவாக, உட்காரவைத்து ஒரே ஒரு பாடவேளையைத் தயாரிக்கச் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் அதை நடத்திவிட்டு, என்ன சொதப்பியது என்று பேச மறுபடி கூடட்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால் பாதிப் பள்ளி நின்றுவிடும், அதனால் அங்கெல்லாம் கருத்தாளர்தான் பள்ளிக்குப் போக வேண்டும். வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஒன்றியங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் சேகரிக்கும் வேலையைச் சற்றுக் குறைத்து, அவர்களை மாதம் ஒரு தடவையாவது பின் பெஞ்சுக்கு அனுப்பலாம்.

தேதியையும் கொஞ்சம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மாவட்டத்துக்குப் பயிற்சி போடுகிறவர்கள் வானிலை அறிக்கை படிப்பதில்லை போலும். 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் என்று நாங்கள் பார்க்காத இருட்டு இல்லை. கரண்ட் இல்லாத நாளிலும் அந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதையும் பயிற்சியிலேயே சேர்க்க வேண்டும். கடலூரில் அது கூடுதல் தகவல் அல்ல, முதல் தகவல்.

பயிற்சி பலித்ததா என்று பார்ப்பதும் இப்போது கையெழுத்தோடும் பேனர் முன்னால் எடுக்கும் போட்டோவோடும் முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி இதற்கு ஐந்து நிலைகள் வகுத்திருக்கிறார். வந்தவர்களுக்குப் பிடித்ததா என்பது அதில் முதல் நிலை, கடைசி நிலை மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது. பள்ளி நிர்வாகம் துணை நின்றதா என்பது நடுவில் மூன்றாவதாக வருகிறது. எங்கள் பீரோ சாவி ஞாபகம்தான் வந்தது எனக்கு. நம் படிவங்கள் முதல் நிலையைத் தாண்டுவதே இல்லை.

எங்கள் பக்கமும் தப்பு இல்லாமல் இல்லை. 'ரிடையர் ஆகப் போற காலத்துல எனக்கெதுக்கு' என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பயிற்சியில் பின்வரிசையில் விடைத்தாள் திருத்துகிறவர்களும் உண்டு, ஒருமுறை நானே திருத்தியிருக்கிறேன். ஆனால் அன்று என்னிடம் பேசியது ஆறாம் வகுப்பு மின்னியலைப் பற்றி என்றால் திருத்தியிருக்க மாட்டேன்.

தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றித் தமிழ்நாட்டில் நமக்கு ஆயிரம் மாற்றுக் கருத்து இருக்கிறது, சரி. ஆனாலும் அந்த 2020 ஆவணத்தில், ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி வேண்டும், அது அவரவர் விருப்பத்தை ஒட்டி அமைய வேண்டும் என்று இருக்கிறது. மணிக்கணக்கை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், விருப்பத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த கல்வியாண்டின் பயிற்சி அட்டவணையைத் தயாரிக்கிறவர்களை உங்கள் நிருபர் சந்தித்தால் ஒன்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: அட்டவணையில் இரண்டு தேதியையாவது தலைப்புப் போடாமல் காலியாக விட்டு எங்களிடம் அனுப்பட்டும். தலைப்பை நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
கடலூர் மாவட்டம்
(அரசுப் பணியில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)