கடல் வற்றும் நேரத்தில் உடன் நின்றவர்களுக்கு

சிக்னெட் பே முத்துப்பண்ணையில் இருக்கும் அன்பு நண்பர்களுக்கும், போகும் வழியில் கைகொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இந்த மடல் எங்கள் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்று எழுதுவது. என் பவள ஆய்வு யார் யார் உழைப்பில் நடந்தது என்பது நான் வீட்டில் பேசும் மொழியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

எனக்குத் தூத்துக்குடி. எங்கள் கடல் ஏறினாலும் வற்றினாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அதைத்தான் கடல் என்று நினைத்து வளர்ந்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி கரை வேறு மாதிரி. அங்கே கிங் சவுண்ட் வளைகுடாவின் உள்கோடியில், டெர்பி ஊர்ப் பக்கம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் 11 மீட்டர் வரை ஏறி இறங்கும். வளைகுடாவின் வாய்ப்புறத்தில் இருக்கிறது சிக்னெட் பே. அங்கேயே இரண்டு மாடி உயரத்துக்குக் குறையாது. ஆறு மணி நேரம் முன்பு படகு மிதந்த இடத்தில் பவளப் பார் (பவளங்கள் வளர்ந்து நிற்கும் கடல்திட்டு) வெளியே தெரியும். கிளைப்பவளங்கள் வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கும். பாரின் மேலே தேங்கிய குட்டைகளில் ஒரே நாளில் வெப்பம் 7 டிகிரி வரை மாறும். அப்படியும் அந்தப் பவளங்கள் உயிரோடு இருக்கின்றன. எப்படி என்று பார்க்கத்தான் போனேன்.

பெர்த்தில் விமானம் ஏறி புரூம், அங்கிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் ரோடு. அந்தச் செம்மண் பாதைக்குத் தார் போட்டு முடித்ததே 2020-ல்தான். அதன் கோடியில் முத்துப்பண்ணை, பண்ணைக்குள்ளேயே கிம்பர்லி கடல் ஆய்வு நிலையம். கடல் ஆய்வில் பெரிய செலவு எது என்று கேட்டால் படகு, டீசல், தங்க இடம், உடைந்ததைச் சரிசெய்ய ஒரு பட்டறை என்றுதான் சொல்வேன். பண்ணையில் இவை எல்லாம் சிப்பிக்காக ஏற்கெனவே இருந்தன. 1946-ல் டீன் பிரவுன் கிளிஞ்சல் எடுக்க வந்த கரை அது. ஜப்பானியர்கள் முத்து வளர்க்கும் வித்தையை ரகசியமாக வைத்திருந்த 1960-களில், அவருடைய மகன் லிண்டன் பிரவுன் தானாகவே அதைக் கற்றுக்கொண்டார். மூன்றாம் தலைமுறையான ஜேம்ஸ் பிரவுன் கடல் உயிரியல் படித்தவர். 2009-ல் நிலையத்தைத் தொடங்கிப் பண்ணையின் கதவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார். அவருக்கு என் முதல் நன்றி. அந்தக் கதவு இல்லையென்றால் என்னைப் போன்ற மாணவிக்கு அந்தக் கடல் எட்டாக்கனிதான்.

படகோட்டும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. (அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். தமிழில் எழுதும்போது கை அண்ணன் என்றுதான் எழுதுகிறது.) கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சடித்த ஓத அட்டவணையை நான் வரிவரியாகப் படித்து வைத்திருந்தேன். முதல் நாள் அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது துறைமுகத்துக்குச் சரி, உன் பாருக்கு நேரம் வேறு" என்றார். தீவுகளுக்கு நடுவே தண்ணீர் எங்கே தாமதிக்கும், எங்கே சுழிக்கும், எந்தப் பார் முதலில் தலைகாட்டும் என்பதெல்லாம் சிப்பி வரிசைகளுக்குப் போய்ப் போய் அவர் தெரிந்துவைத்திருந்தது. அவர் சொன்ன நேரத்துக்குப் போனபோதெல்லாம் பாரில் முழுதாக ஒன்றரை மணி நேரம் வேலை செய்ய முடிந்தது. நான் குனிந்து குட்டைக்குள் கருவி கட்டிக்கொண்டிருப்பேன், அவர் நின்றபடியே முதலைக்குக் கண்காணித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கூட உட்காரவில்லை. திரும்பும்போது ஒருமுறை எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். மழுங்கிய முகமும் குட்டைத் துடுப்புமாக மூன்று ஓங்கில்கள் (டால்பின்கள்). 2005-ல்தான் அதைத் தனி இனம் என்று அறிவியல் பிரித்துப் பெயர் வைத்தது. அவர் சிறுவயதிலிருந்தே அவற்றைப் பார்த்து வருகிறாராம்.

அப்புறம் பட்டறை. என் கருவிப்பெட்டி ஒன்று வழியிலேயே தொலைந்துவிட்டது. அனுப்பிய நிறுவனத்துக்குப் பதினோரு தடவை போன் செய்தும் பதில் இல்லை. வெப்பமானிகள் என் கைப்பையில் இருந்ததால் பிழைத்தன. அவற்றைப் பாரில் நிறுத்தும் எடைகளும் சட்டங்களும் போய்விட்டன. அடுத்த பெரிய வற்றத்துக்கு நான்கே நாள். அதை விட்டால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறைக்காரர் பழைய நங்கூரச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டினார். சிப்பி அடுக்கும் வலைச்சட்டங்களில் கழித்துப்போட்டதை முக்குளிப்பவர்கள் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டங்கள் தட்டு அகலச் சிப்பிகளை வருடக்கணக்கில் அந்த நீரோட்டத்தில் தாங்கியவை. பதினாறு கருவிகளையும் அதில் கட்டினோம். நான் வாங்கி வைத்திருந்த சட்டம் அந்த ஓட்டத்தில் நின்றிருக்குமா என்று இப்போது எனக்கே சந்தேகம்தான்.

அந்தக் கரையின் பூர்வகுடிகளான பார்டி ஜாவி மக்களுக்கு எப்படி நன்றி சொல்வது? நாங்கள் கால் வைத்தது அவர்களுடைய கடலில். அவர்களுடைய ரேஞ்சர்கள் எந்தப் பாருக்குப் போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லிக் கூடவே வந்தார்கள். ஒரு பெரியம்மா முத்துச்சிப்பி ஓட்டில் கோடு செதுக்கிச் செங்காவி தேய்க்கும் 'ரீஜி' பற்றிச் சொன்னார். அலையாத்தி மரக்கட்டைகளைச் சேர்த்து மிதவை செய்து, ஓதத்தின் மேலேறியே முன்னோர்கள் தீவு தீவாகப் போன கதையையும் சொன்னார். நான் போனில் எங்கள் கட்டுமரத்தின் படத்தைக் காட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை எந்த மரம், எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டார். எனக்குப் பாதிதான் பதில் தெரிந்தது. அம்மாவுக்குப் போன் செய்து கேட்டு மறுநாள் சொன்னேன்.

எங்கள் தாத்தா 1961-ல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பைப் பார்த்தவர். அதன் பிறகு அங்கே குளிப்பே இல்லை. எனக்கு முத்து என்பது அவர் வாயால் கேட்ட கதை. சிக்னெட் பேயில் ஒருநாள் என்னையும் அறுவடை மேசைக்குக் கூப்பிட்டீர்கள். இரண்டு வருடம் கடலில் கிடந்த சிப்பியின் வாயைத் திறந்து, ஒரு முத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். இன்னும் ஈரமாக இருந்தது. அந்த நிமிடம் தாத்தா கூட இருந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதற்காக ஒரு நன்றி.

2016-ல் வெப்ப அலையில் அந்தக் கிம்பர்லிப் பவளங்களும் நிறம் இழந்து வெளுத்துப்போயின. குட்டைகளில் இருந்தவை பெரும்பாலும் ஆறு மாதத்தில் தேறிவிட்டன. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருந்தவற்றில் பல செத்துவிட்டன. அடுத்த வெப்ப அலை வருவதற்குள் ஏன் அப்படி என்று தெரிந்துகொள்ளப் பலர் பாடுபடுகிறார்கள். உங்கள் சங்கிலித் துண்டுகளில் நின்ற கருவிகள் எடுத்த அளவுகளும் அந்த வேலைக்குத்தான்.

பெர்த்தில் இரண்டு இரவு தங்க இடம் கொடுத்து, விடிகாலை மூன்று மணிக்கு விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்ட அக்காவுக்கும் மாமாவுக்கும் நன்றி. சமையலறை நண்பருக்கு ரசப்பொடி பார்சலில் வருகிறது. தண்ணீர் கொதிக்க விடாதீர்கள், நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்.

பதினைந்து கருவிகள் கைக்கு வந்துவிட்டன. வடக்குப் பாரில் இருக்கும் 14-ஆம் எண் மட்டும் கடைசி நாள் தண்ணீர் சீக்கிரம் ஏறியதால் எடுக்க முடியவில்லை. அதன் பேட்டரி இன்னும் ஒரு வருடம் தாங்கும். அண்ணா, அந்தப் பக்கம் போனால் சங்கிலி நகராமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தூத்துக்குடி மாணவி